கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சட்டவியல் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

சட்டத்தைத் தொழிலாகக் கற்றல் ஒன்று. அறிவுத்துறையாகக் கற்றல் பிறிதொன்று. முன்னதைச் சட்டக் கல்வி என்றும், பின்னதைச் சட்டவியல் கல்வி என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். 'சட்டம்' என்னும் சொல் தமிழில் கதவுக்கும் படத்துக்கும் அமைந்த மரச் சட்டத்தையும் குறிக்கும். அதனைச் செய்யும் தச்சன் அறிய வேண்டுவது கைத்திறன். நாட்டின் சட்டத்துள் வாழும் குடிமகன் அறிய வேண்டுவதோ, அஃது யாரால், எதன்பொருட்டு அமைந்தது, எவரை இறுக்குகின்றது, எவர்க்கு நெகிழ்கின்றது என்பது. இவ்வறிவைப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்று இளநிலை மாணாக்கர்க்கு எவ்வாறு வழங்கத் தொடங்கியது, எவ்வாறு நெகிழ விட்டது, எவ்வாறு மீட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. முன்னை வரலாறு

சட்டம் பொதுக் கல்வியின் ஓர் உறுப்பாதல் வேண்டும் என்னும் கருத்துப் புதியதன்று. 1758-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலச் சட்டத்துக்கென அமைந்த முதல் பேராசிரியர் இருக்கையை ஏற்ற வில்லியம் பிளாக்ஸ்டன், வழக்கறிஞர் ஆகாதாரும் தம் நாட்டுச் சட்டத்தை அறிதல் வேண்டும் என வற்புறுத்தினார். நிலக்கிழாரும், நடுவர் குழுவில் அமர்வோரும், பாராளுமன்றம் புகுவோரும் அவர் கருதிய மாணாக்கர் ஆவர். அமெரிக்காவில் 1779-இல் வில்லியம்-மேரி கல்லூரியில் சட்டப் பேராசிரியரான ஜார்ஜ் வித் இந்நெறியையே தழுவினார்.

பின்னர்க் காற்று திசை மாறியது. 1870-இல் ஹார்வர்டுச் சட்டப்பள்ளியின் தலைமை ஏற்ற கிறிஸ்டபர் லாங்டெல், நீதிமன்றத் தீர்ப்புகளை ஆய்ந்து கற்கும் முறையை நிறுவினார். நாளடைவில் சட்டக் கல்வி, பட்டம் பெற்றோர் மட்டுமே புகும் தொழிற்பள்ளியாயிற்று. கல்வித்தரம் உயர்ந்தது, எனினும் இளநிலை மாணாக்கரிடமிருந்து சட்டம் விலகிச் சென்றது.

2. பெர்க்கிலியில் தொடக்கம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1868-இல் மாநிலச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. வழக்கறிஞரைப் பயிற்றுதற்கென 1878-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி அதனோடு இணைந்து எழுந்தது. இதனின் வேறாக, 1882-இல் பெர்க்கிலி வளாகத்தில் வில்லியம் கேரி ஜோன்ஸ் இளநிலை மாணாக்கர்க்குச் சட்டப் பாடங்கள் நடத்தலானார். 1894-இல் அதற்கெனத் தனித்துறை ஒன்று தோன்றியது. 'சட்டப்பள்ளி' என்னாது 'நீதியியல் துறை' எனப் பெயர் பெற்றமை கருதத்தக்கது. தொழிலினும் பரந்த நோக்கம் அப்பெயரில் விளங்குகின்றது. எனினும் 1912-இல் அது பள்ளியாக வளர்ந்து, 1950-இல் 'சட்டப்பள்ளி' என்னும் பெயரையே ஏற்றது. பெயர் மாற்றம் நோக்க மாற்றத்தின் அடையாளம் எனலாம்.

3. மீட்சி

மீட்சிக்கு வித்திட்டோருள் தலையாயவர் சமூகவியல் அறிஞர் பிலிப் செல்ஸ்னிக். அவர் 1961-இல் பெர்க்கிலியில் சட்டம், சமூகம் ஆகியவற்றை ஒருங்கே ஆயும் நடுவம் ஒன்றை நிறுவினார். நூலில் எழுதிய சட்டத்துக்கும் நடைமுறையில் வழங்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி அதன் ஆய்வுப்பொருள்களுள் ஒன்று.

அவ்விடைவெளி அவ்வளாகத்திலேயே வெளிப்பட்டது. 1964-இல் அரசியற் கருத்துப் பரப்பலுக்குப் பல்கலைக்கழகம் விதித்த தடையை எதிர்த்துப் பேச்சுரிமைக் கிளர்ச்சி எழுந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் ஏறத்தாழ 800 பேர் சிறைப்பிடிக்கப் பெற்றனர். டிசம்பர் 8-ஆம் நாள் ஆசிரியர் பேரவை 824-க்கு 115 என்னும் வாக்கு வேறுபாட்டில் மாணாக்கர் கோரிக்கையைப் பெரிதும் ஏற்றது. விதி செய்வோரும் விதிக்குக் கட்டுப்பட்டவரோ என்னும் வினா, இவ்வாறு ஏட்டை விட்டு முற்றத்துக்கு வந்தது.

1950-இல் தோன்றிய குற்றவியற் பள்ளி 1976-இல் மூடப்பெற்றது. அதன்பின், 1978-ஐ ஒட்டி, செல்ஸ்னிக்கின் முயற்சியால் நீதியியல்-சமூகக் கொள்கைத் திட்டம் சட்டப்பள்ளியுள் உருப்பெற்றது. அதன் ஆசிரியர்களே இளநிலைச் சட்டவியல் பாடப்பிரிவையும் நடத்தலாயினர். வரலாறு, மெய்யியல், பொருளியல், சமூகவியல், அரசியல் ஆகிய துறைகளின் வழியே மாணாக்கர் சட்டத்தைப் பயில்கின்றனர். இப்பட்டம் ஒன்றைக் கொண்டே வழக்கறிஞர் ஆதல் இயலாது. அதற்குப் பொதுவாகச் சட்டப்பள்ளி புகுதல் வேண்டும்.

இந்நிலையில், 'நீதிமன்றம் ஏற உதவாக் கல்வியால் பயன் என்னை?' என வினவுவார் உளர். இவ்வினாவைப் புறக்கணித்தல் ஒல்லாது. பெற்றோர் பொருளும் மாணாக்கர் இளமையும் இதில் அடங்கியுள்ளன. அமெரிக்க நாட்டில் நடுவர் குழுவில் அமர்ந்து பிறன் குற்றவாளியா அல்லனா எனத் துணிபவர் சட்டம் கல்லாப் பொதுமக்களே. சட்டமியற்றுவோரைத் தேர்பவரும் அவரே. அங்ஙனமாயின், சட்டத்தை ஆயும் திறன் ஒரு தொழிலோர்க்கே உரிய உடைமை ஆகாது.

மற்றொரு சான்றும் உண்டு. 1911-இல் பெர்க்கிலியில் எழுந்த சட்டக் கட்டடம் ஜான் ஹென்றி போல்ட் என்பார் நினைவாக, அவர் மனைவியார் அளித்த கொடையின் துணையால் அமைந்தது. அந்தப் போல்ட் 1877-இல் சீனரை நாட்டினின்று விலக்க வேண்டும் என உரை நிகழ்த்தியவர். சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1882-இல் நிறைவேறியது. ஜோன்ஸ் பாடம் தொடங்கியதும் அவ்வாண்டே. முறைப்படி இயற்றிய சட்டமும் முறையற்றதாகலாம் என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று அவ்வளாகத்துக்கு வேண்டா. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த போல்ட் பெயர் 2020-இல் சட்டப்பள்ளிக் கட்டடத்தினின்று நீக்கப்பெற்றது. சட்டம் யாது என்பதைத் தொழிற்கல்வி கற்பிக்கும். அஃது எவ்வாறு அங்ஙனம் ஆயிற்று என்பதை வரலாற்றோடு கூடிய சட்டவியலே கற்பிக்கும்.

நம் நாட்டில், பட்டத்தின் பின் கற்கும் மூன்றாண்டுப் படிப்பாயினும், பள்ளிக் கல்வியின் பின் கற்கும் ஐந்தாண்டுப் படிப்பாயினும், இரண்டும் வழக்கறிஞர் தொழிலுக்கே வாயில்களாக அமைந்துள்ளன. வரலாறும் இலக்கியமும் பயிலும் இளைஞர் சட்டத்தை எட்ட நின்றே காண்கின்றனர். மக்கள் வரிப்பொருளால் வளரும் பல்கலைக்கழகம், அம்மக்களை ஆளும் சட்டத்தை அவர்தம் மக்கட்கு விளக்குதல் கடன் என்பதே பெர்க்கிலி வரலாற்றினின்று நாம் பெறும் முடிபாகும்.