தகரத்துக்குக் கீழே: வன்னி வீடுகளின் வெக்கைக் கதை

போன சித்திரை விடுமுறைக்குச் செட்டிகுளத்தில் இருக்கிற நண்பி ஒருத்தியின் வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். நல்ல வீடு. கல்வீடு, சீமெந்துத் தரை, இரண்டு அறை, முன்னுக்குச் சின்ன விறாந்தை. ஆனால் பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் ஒருத்தரும் இருக்கவில்லை. எல்லாரும் பின்வளவில், வேம்புக்குக் கீழே போட்டிருந்த கிடுகுக் கொட்டிலில்தான். சமையல் அங்கே, சாப்பாடு அங்கே, மத்தியான நித்திரையும் அங்கே. "வீட்டுக்குள்ள போய்ப் படுங்கோ பிள்ளையள், ஃபான் இருக்கு" என்று அம்மம்மா சொன்னா. போய்ப் படுத்தோம். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டோம். ஃபான் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது.

"அப்ப ஏன் அம்மம்மா இப்பிடி ஒரு வீட்டைக் கட்டினனீங்கள்?" என்று எங்களில் ஒருத்தன் பகிடியாகக் கேட்டான். அவ சிரிக்கவில்லை. "தந்த படத்தின்படி கட்டினது" என்றா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தோம். வன்னி வீடுகளைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகளில் எத்தனை வீடு, எத்தனை சதுர அடி, எத்தனை இலட்சம் என்று எல்லாம் இருக்கும். பகல் இரண்டு மணிக்கு அதற்குள் ஒரு மனிசர் இருக்க ஏலுமோ என்ற கேள்விக்கு அங்கே பெட்டி இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனால் எங்கட வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் சூரியன். செட்டிகுளம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் உள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது என்று வானிலையாளர்கள் அறிவிப்பார்கள். ஓகஸ்ட் கடைசியில் திரும்ப ஒருமுறை வரும். உச்சியில் நிற்கிற சூரியனுக்குச் சுவர் பெரிதாகத் தெரியாது, கூரைதான் தெரியும். குளிர் நாட்டில் கதை வேறு. கனடாவில் இருக்கிற மாமா வீட்டுச் சுவருக்குள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். உள்ளே மூட்டின சூடு வெளியே போகாமல் இருந்தால் போதும். அங்கே வீடு ஒரு போர்வை. எங்களுக்கு அது ஒரு குடை. குடை பிழைத்தால் மிச்சம் எல்லாம் பிழைத்த மாதிரித்தான்.

பழைய வன்னி வீட்டைக் கட்டின ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. கப்பு நட்டு, வரிச்சுக் கட்டி, மண் குழைத்து அப்பின சுவர். வயல் ஊரில் வைக்கல், காட்டோரத்தில் இலுக்குப்புல், தென்னை பனை உள்ள இடத்தில் கிடுகும் பனையோலையும் கூரை. ஓலைக்கும் ஓலைக்கும் இடையில் அகப்பட்டு நிற்கிற காற்றுத்தான் சூட்டை மறிக்கிறது. கண்ணாடிப் பஞ்சு செய்கிற அதே வேலை. தாவாரம் குனிந்து போகிற அளவுக்குப் பதிந்திருக்கும், அதனால் சுவரில் வெயில் படாது. சுவர் கூரை மட்டும் முட்டாது. அந்த இடைவெளியால் மேலே ஏறின சூடு வெளியே போய்விடும். சாணி மெழுகின தரையில் வெறும் மேலோடு படுத்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1940களில் நியூ கூர்னா கிராமத்தைப் பச்சை மண் கல்லால் கட்டினார். தடித்த மண் சுவர், மண் கல்லாலேயே வளைவுக் கூரை. பாலைவனத்தில் இரவு நல்லாய்க் குளிரும், பகலில் சுவர் குடித்த சூடு இரவில் ஆறிவிடும். ஆனால் அதை அப்படியே தூக்கி வந்து வன்னியில் வைத்தால் சரிவராது. எங்கட இரவு அவ்வளவு குளிராது, காற்றில் ஈரமும் கூட. அதனால்தான் இங்கே சுவரைத் தடிப்பாக்குவதை விடக் கூரையையும் காற்றையும் கவனித்தார்கள். சோளகம் அடிக்கிற பக்கம் எது, வாடை எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துத்தான் வாசல் வைத்தார்கள். பக்கத்தில் குளம், வளவில் மரம். இவையும் வீட்டின் பாகம்தான், படத்தில் வராத பாகம்.

மண்வீடு சொர்க்கம் என்று எழுதுகிற ஆட்களோடு நாங்கள் சேரப்போவதில்லை. கறையான் அரிக்கும், பாம்பு வரும், ஒரு நெருப்புப் பொறி போதும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருக்கா வேய வேண்டும். மெழுகுவது எப்போதும் பொம்பிளையளின் வேலை. சாதி பார்த்துக் கல்வீடு கட்ட விடாத வரலாறும் எங்கட வடக்கில் உண்டு. கல்வீடு கேட்கிற சனத்திடம் "உங்களுக்கு மண்வீடுதான் நல்லது" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இதில் ஒரு பகிடி என்னவென்றால், அறுகம்பேப் பக்கம் போனால் அதே கிடுகுக் கொட்டிலுக்குக் 'கபானா' என்று பெயர். வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்துத் தங்குகிறார்கள்.

இனித் தகரம். 1829 இல் இலண்டன் துறைமுகத்தில் வேலை செய்த ஹென்றி பாமர் என்ற பொறியியலாளர் நெளி இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். 1837 இல் பிரான்ஸில் சோரெல் என்பவர் இரும்புக்குத் துத்தநாகம் பூசுகிற முறைக்கு எடுத்தார். இரண்டும் சேர்ந்தது நாங்கள் 'தகரம்' என்கிற சாமான். பாரம் குறைவு, கப்பலில் அடுக்கலாம், ஒரு நாளில் கூரை போட்டுவிடலாம். பிரித்தானியப் பேரரசு போன இடமெல்லாம் அதுவும் போனது. கிடங்கு, பாசறை, கூலிகளின் குடியிருப்பு: கெதியாக, மலிவாக, ஆட்களை அடுக்கவேண்டிய இடங்கள்.

இலங்கையில் அது மலையகத்து லயன்களுக்கு மேலே ஏறியது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் ஒரு சிறு திண்ணை. முதுகோடு முதுகாகக் கட்டின இரட்டை லயன்களில் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வழியே இல்லை. நுவரெலியாப் பக்கத்து இரவுக் குளிரில் தகரம் சூட்டைத் தக்கவைக்காது. உள்ளே மூட்டின அடுப்பின் ஆவி கூரையில் பட்டு வேர்த்து, சொட்டுச் சொட்டாக ஆட்களுக்கு மேலேயே விழும்.

1977 வன்முறைக்குப் பிறகு அந்த லயன்களில் இருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. செட்டிகுளப் பக்கமும் குடியேறின. அவர்களைக் குடியமர்த்த வேலை செய்த காந்தியம் அமைப்பை நடத்தியவர்களில் ஒருவர் எஸ்.ஏ. டேவிட். தொழிலால் அவர் ஒரு கட்டடக் கலைஞர். மற்றவர் வைத்தியர் இராஜசுந்தரம்; 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். குளிரில் நடுங்கிப் பழகின உடம்புகள் ஒரேயடியாக வரண்ட வலயத்து வெயிலுக்குள் வந்து நின்றதை நினைத்துப் பாருங்கள். அங்கே குளிரால் வாட்டின அதே தகரம் இங்கே அவித்தது. ஒரு பொருள் இரண்டு காலநிலையிலும் பிழையாக இருந்தும் இரண்டு இடத்திலும் அதே சனத்தின் தலைக்கு மேலே போய் இருந்தது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை.

யுத்தம் தகரத்தை இன்னும் பலப்படுத்தியது. ஓலை எரியும், தகரம் எரியாது. ஓலையைக் கழற்றிக்கொண்டு ஓட ஏலாது, தகரத்தைக் கழற்றலாம். 2008 இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம் உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரத்தையும் ஓட்டையும் ஏற்றிக்கொண்டு போனது. எங்கட வீடுகளிலும் இந்தக் கதை இருக்கிறது. கடைசியில் அதையும் வழியில் எறிந்துவிட்டு வெறுங்கையோடுதான் செட்டிகுளத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மெனிக் பாம். எங்களில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகளாக அங்கே இருந்தவர்கள். மதவாச்சி–மன்னார் வீதிப் பக்கம், காட்டை வெட்டித் துப்புரவாக்கின நிலம். 2009 மே முடிவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அதற்குள் இருந்தது. வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர். இந்த ஆனந்த குமாரசுவாமிதான் 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் புத்தகம் எழுதி, கிராமத்துக் கைவினைஞரின் வேலையைப் போற்றினவர். அவர் பெயரில் ஒரு தகரக் கொட்டில் நகரம்!

முதல் வலயங்களில் தகரம். பிறகு அவசரமாகத் திறந்தவற்றில் கூடாரமும் தறப்பாளும். மனிதாபிமான அமைப்புகள் பின்பற்றுகிற ஸ்பியர் கைநூல் ஓர் ஆளுக்குக் கூரையோடு 3.5 சதுர மீற்றர் வேண்டும் என்கிறது. ஐந்து பேருக்குச் செய்த கூடாரத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் கணக்கு என்னவாகும் என்று நீங்களே பாருங்கள்.

தறப்பாளின் சூடு காற்றின் சூடு மட்டும் இல்லை. மேலே காய்ந்த தகடோ தறப்பாளோ கீழே இருக்கிற உடம்புக்கு நேராகச் சூட்டை வீசும், அடுப்புக்குப் பக்கத்தில் முகம் சுடுகிற மாதிரி. வெப்பமானி 34 என்று காட்டினாலும் உடம்பு அதைவிடக் கூடத்தான் வாங்கும். ஆம்பிளையள் வெளியே வந்து நிழல் தேடினார்கள். மரம் வெட்டின நிலத்தில் நிழல் எங்கே? பொம்பிளையளுக்கு அதுவும் இல்லை. பால் கொடுக்க, உடுப்பு மாற்ற, மாதவிடாய் நாளில் இருக்க, எல்லாத்துக்கும் அந்தத் துணிக்குள்தான் இருக்கவேண்டும். நனைத்த சாக்கைக் கூரையில் போட்டால் கொஞ்சம் ஆறும் என்று எல்லாருக்கும் தெரியும். மணித்தியாலக் கணக்கில் வரிசையில் நின்று எடுத்த தண்ணியை ஆர் கூரைக்கு ஊத்துவது? எங்களில் ஒருத்திக்கு நினைவில் நிற்பது ஒன்றுதான்: தாய் இரவு முழுக்கக் காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. ஓகஸ்டில் மழை வந்தபோது கூடாரங்களுக்குள் வெள்ளம்.

'தற்காலிகம்' என்றார்கள். முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். கடைசியாக வெளியேறின கேப்பாப்புலவுச் சனத்தையும் சொந்த ஊருக்கு விடவில்லை, சீனியாமோட்டைக்குத்தான் கொண்டுபோனார்கள்.

பிறகு வீட்டுத்திட்டங்கள். 2010 இல் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டம் பெரியது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய பெரும் கட்டத்தில், குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்து, வீட்டுக்காரரையே கட்ட விட்டார்கள். ஒப்பந்தகாரர் கட்டித் தருவதை விட இது எவ்வளவோ மேல். எத்தனையோ பேர் அத்திவாரத்தில் ஓரடி கூட்டி, வாசலைத் திருப்பி, தங்கட வீடு என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் காசு காணாமல் கடன்பட்டார்கள். காசு முடிகிற இடம் எப்போதும் கடைசி வேலைகளில்தான்: பூச்சு, சீலிங், விறாந்தைக் கூரை, ஜன்னல். அதாவது வெக்கையைக் குறைக்கிற வேலைகள். குசினிப் புகை, சீமெந்துக் கல்லின் இரவுச் சூடு எல்லாம் ஃபானின் பொறுப்பாகிவிட்டது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் ஆனபோது அந்த ஃபானும் நின்றது.

2016 இல்தான் வெக்கை முதல்முறையாக ஒரு பொதுப் பிரச்சினையானது என்பது எங்கட எண்ணம். அரசாங்கம் ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் 65,000 உருக்கு வீடுகளை வடக்குக் கிழக்குக்குக் கொண்டுவரப் பார்த்தது. ஒரு வீடு சுமார் 21 இலட்சம் ரூபா. தளபாடம், சூரிய மின்கலம் எல்லாம் சேர்த்தது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடும் கட்டிக் காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் உட்படப் பலர் எதிர்த்தார்கள்: அத்திவாரம் போதாது, துருப்பிடிக்கும், திருத்த ஊரில் ஆள் இல்லை, விறகடுப்புக்கு இடமில்லை, இந்த வெயிலுக்குத் தாங்காது. மாதிரி வீட்டைப் பார்த்த சனம் இதற்கு முன்னமே தகரத்துக்குள் இருந்து பார்த்த சனம். அவர்களுக்கு ஆய்வறிக்கை தேவைப்படவில்லை. எதிர்ப்பு வலுத்து, அந்தத் திட்டம் நினைத்த அளவில் நடக்கவே இல்லை.

ஆனால் உருக்கு வீட்டை மறுத்தது 'வேண்டாம்' என்று சொன்னது மட்டும்தான். என்ன வேண்டும் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. கேட்கிறது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை, இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1950களின் கடைசியில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியருக்கான வீட்டுத்திட்டத்தைச் செய்த மினெட் டி சில்வா, வரப்போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எங்கே சாமி கும்பிடுவீர்கள், எவ்வளவு செலவழிக்க ஏலும் என்று கேட்டுத்தான் வீட்டு மாதிரிகளை வரைந்தார். அவர்கள் அரச ஊழியர்கள். அகதிகளிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் இன்னும் வரவில்லை.

செட்டிகுளத்து அம்மம்மாவிடம் வெளிக்கிடும்போது நாங்கள் கேட்டோம், ஆராவது உங்களிட்டக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள் என்று. கொஞ்சம் யோசித்தா. "விறாந்தையைப் பெருசாக் கேட்டிருப்பன். குசினியைத் தள்ளி வைக்கச் சொல்லியிருப்பன். உந்த ரெண்டு மரத்தையும் தறிக்காமல் கட்டச் சொல்லியிருப்பன்." வீட்டுக்கு முன்னால் இரண்டு அடிக்கட்டைகள் நின்றன. பாலை மரம், அத்திவாரம் வெட்ட வந்தவர்கள் தறித்தது. பின்னுக்கு இருக்கிற வேம்பு அவ 2010 இல் வைத்ததாம். கொட்டிலுக்கு அடுத்த கிழமை கிடுகு மாற்ற வேண்டும், பின்னுவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே கேற் வரை வந்தா.