பன்னிரு திருமுறை

தமிழ்ச் சைவர்கள் வேதத்துக்கு நிகராகப் போற்றும் தோத்திர நூல்களின் தொகுதி பன்னிரு திருமுறை. இருபத்தேழு ஆசிரியர்கள் பாடிய 18,000க்கும் மேற்பட்ட பாடல்கள் இதில் உள்ளன. ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை எழுந்த பதிகங்களே இதன் நடுப்பகுதி. அவற்றுக்கு முந்திய காரைக்கால் அம்மையாரின் பாடல்கள் ஒரு புறமும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் மறுபுறமும் நிற்கின்றன.

இப்பாடல்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் ஊரில், அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளிய இறைவனை எதிரே நிறுத்திப் பாடப்பட்டவை. தத்துவமும் தெய்வ வடிவமும் இசையும் இங்கே தலத்தைச் சுற்றியே திரள்கின்றன. திருமுறையைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டியது இந்தத் தலத் தொடர்பைத்தான். அதை விட்டுவிட்டுக் கருத்துகளை மட்டும் பிரித்தெடுத்தால் பாடலின் உயிர் போய்விடும்.

மூவர் தேவாரம்

தேவாரம் எனப்படும் முதல் ஏழு திருமுறைகளில் முதல் மூன்றும் திருஞானசம்பந்தர் பாடியவை. சீர்காழியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே உமையம்மையின் ஞானப்பாலை உண்டு பாடத் தொடங்கினார் என்றும், பதினாறு வயதில் நல்லூர்ப் பெருமணத்தில் திருமணத்தன்றே சோதியில் கலந்தார் என்றும் மரபு கூறும். அவருடைய காலத்தைக் கணிக்க ஒரு நல்ல பிடி உண்டு. அவர் தம் பதிகத்தில் பாராட்டும் சிறுத்தொண்டர், பல்லவர் படையோடு வாதாபிப் போருக்குச் சென்றவர் என்கிறது பெரியபுராணம். முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது 642இல். ஆகவே ஏழாம் நூற்றாண்டு என்பது உறுதியாகிறது.

சம்பந்தர் பதிகங்களின் கட்டமைப்பைத் தனியே கவனிக்க வேண்டும். பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் கயிலையைப் பெயர்க்க முயன்று இறைவனின் விரலால் நெரிபட்ட இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் அடியும் முடியும் தேடிக் காணாத திருமாலும் பிரமனும் வருவர். பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் மறுக்கும். இறுதிப் பாட்டான திருக்கடைக்காப்பு பாடியவர் பெயரையும் பாடுவதன் பயனையும் சொல்லும். வலிமையாலோ பதவியாலோ வாதத்தாலோ எட்ட முடியாதவன், தன் ஊருக்கு வந்து பாடும் அடியாருக்கு எளிதில் எட்டுகிறான் என்பதே இந்த அடுக்கின் உட்பொருள் என்று கொள்ளலாம். நெரிபட்ட இராவணனும் இசை பாடியபின் அருள் பெறுகிறான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பத்தாம் பாட்டின் கடுமை இன்றைய வாசகரை உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். பல்லவ, பாண்டிய அரசவைகளின் ஆதரவுக்காகச் சமயங்கள் மோதிக்கொண்ட காலத்தின் குரல் அது. மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் நடந்து, தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பிற்காலச் சைவ நூல்கள் சொல்கின்றன. இதற்குச் சமகாலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சைவ, சமண மோதல் உண்மை. கழுவேற்றக் கதையை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை.

நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகள் திருநாவுக்கரசருடையவை. திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரோடு பிறந்தவர் இவர். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்று, சூலை நோய் தாக்கியபோது தமக்கை திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்து சிவனைப் பாடினார். சம்பந்தர் அவரை ‘அப்பர்’ என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர் என்பதால், உடலுழைப்பும் வழிபாடே என்ற கருத்து இவரோடு சைவத்தில் ஆழ வேரூன்றியது. ஆறாம் திருமுறை முழுவதும் தாண்டகம் என்னும் யாப்பில் அமைந்தது. அவற்றுள் நின்ற திருத்தாண்டகம், நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் ஆகிய எட்டும் சிவனின் வடிவம் என்னும் அட்டமூர்த்தக் கொள்கையை விரித்துச் சொல்வது. கடவுளை உலகுக்கு வெளியே தேட வேண்டாம் என்ற எண்ணம் அதில் பேரலையாக எழுகிறது. தமிழ்ப் பக்திப் பாடல்களில் அதற்கு இணையாக வைக்கத்தக்கவை மிகச் சில.

ஏழாம் திருமுறை சுந்தரருடையது. திருநாவலூரில் பிறந்த இவர் இறைவனைத் தோழனாகக் கொண்டவர். பொன் கேட்பார், நெல்லைச் சுமந்து செல்ல ஆள் கேட்பார், கோபிப்பார், ஊடல் தீர்க்க இறைவனையே மனைவி பரவையாரிடம் தூது அனுப்புவார். இரண்டாம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியதும் பார்வை இழந்து, ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றொன்றைத் திருவாரூரிலும் மீட்டார் என்கிறது வரலாறு. அந்தப் பதிகங்களில் தெரியும் உரிமைச் சண்டை வேறு எவரிடமும் கிடைக்காது. திருவாரூரில் அவர் பாடிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களே கொண்ட சிறு பட்டியல். அடியார் பெயர்களை அடுக்கிய அந்தப் பட்டியலே அறுபத்து மூவர் என்ற நாயன்மார் வரிசைக்கு அடிப்படை.

மாணிக்கவாசகர்

எட்டாம் திருமுறை திருவாசகமும் திருக்கோவையாரும். பாண்டியனின் அமைச்சராக இருந்த திருவாதவூரரான மாணிக்கவாசகர், குதிரை வாங்கச் சென்ற வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு எல்லாவற்றையும் துறந்தார் என்பது கதை. இன்று அவ்வூர் ஆவுடையார்கோயில். இவர் காலம் பற்றி நீண்ட வாதம் நடந்தது. மூவருக்கும் முற்பட்டவர் என்று மறைமலையடிகள் வாதிட்டார். ஆனால் சுந்தரரின் தொகையில் இவர் பெயர் அடியாராக இடம்பெறவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

தேவாரம் ஊர் ஊராக நடக்கிறது என்றால் திருவாசகம் உள்ளுக்குள் நடக்கிறது. ஆன்மா ஆணவத்தில் கிடந்து அழுந்துவது, குரு வந்து ஆட்கொள்வது, பிறகு அவர் மறைந்துவிட்டதால் ஏங்குவது என்று இந்த மூன்று நிலைகளையும் அழுகையும் ஆட்டமுமாகப் பாடியவர் மாணிக்கவாசகர். மகளிர் விளையாட்டுப் பாடல்களையும் அவர் இறைவனுக்காக்கினார். அவற்றுள் திருவெம்பாவை, மார்கழி விடியலில் இலங்கையிலும் தமிழகத்திலும் ஒலிப்பதோடு, தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்களின் ‘திரியம்பாவை’ விழாவரை சென்றிருக்கிறது. ஜி. யு. போப் 1900இல் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவும் சேந்தனாரின் திருப்பல்லாண்டும் உள்ளன. ஒன்பது ஆசிரியர்களுள் சோழ மன்னர் கண்டராதித்தரும் ஒருவர்; செம்பியன் மாதேவியின் கணவர். இதில் தில்லை எனப்படும் சிதம்பரமே மேலோங்கி நிற்கிறது.

பத்தாவது, திருமூலரின் திருமந்திரம். ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்ட இந்நூல் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. யோகம், மந்திரம், உடலியல், அரசனின் கடமை, நிலையாமை, அன்பு என்று பல துறைகளைத் தொடும் இது தோத்திரமாகவும் சாத்திரமாகவும் கொள்ளப்படுகிறது. பதி, பசு, பாசம் என்னும் மூன்று பொருள்களையும் அவை தொடக்கமில்லாதவை என்ற கொள்கையையும் தமிழில் முதலில் வகுத்துச் சொல்வது இந்நூல். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் மலம். ஆணவம், கன்மம், மாயை என அம்மலத்தை மூன்றாக விரித்து, ஒவ்வொன்றும் உயிரோடு கொள்ளும் உறவைத் தருக்க முறையில் நிறுவும் பணியை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களில் செய்தது. அதையும் அதனோடு சேர்த்து எண்ணப்படும் பிற சித்தாந்த நூல்களையும் மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கு என்பர். அவை தனித் தொகுதி, திருமுறையில் சேரா. ஆயினும் சித்தாந்த ஆசிரியர்கள் தம் கருத்துக்கு மேற்கோள் தேடிப் போவது திருமுறைக்குத்தான்.

பதினோராம் திருமுறை பன்னிரண்டு ஆசிரியர்களின் நாற்பது நூல்கள் சேர்ந்த கலவை. திருவாலவாயுடையார் என்ற பெயரில் மதுரை இறைவனே எழுதியதாகக் கருதப்படும் திருமுகப் பாசுரம் இதன் தொடக்கம். பத்துப்பாட்டின் திருமுருகாற்றுப்படையும், மூத்த பிள்ளையார் மீதான நூல்களும் இதில் இருப்பதால் முருகனும் விநாயகரும் இத்தொகுதியில் உரிய இடம் பெறுகின்றனர். எனினும் இதன் மணிமுடி காரைக்கால் அம்மையார்தான். திருமுறை ஆசிரியர்களுள் பெண் அவர் ஒருவரே. பத்துப் பாடலும் பெயர் சொல்லும் இறுதிப் பாடலும் கொண்ட பதிக அமைப்பு, மூவருக்கு முன்பே அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் உருப்பெற்றுவிட்டது. பேய் வடிவம் வேண்டிப் பெற்றுச் சுடுகாட்டில் ஆடும் இறைவனின் அடிக்கீழ் இருந்து பாடிய அவருக்கு, கோயில் மண்டபத்தின் பெருமை எதுவும் தேவைப்படவில்லை.

பன்னிரண்டாவது, பெரியபுராணம் என்று வழங்கும் திருத்தொண்டர் புராணம். குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் இயற்றியது. சுந்தரரின் பட்டியலை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் அதை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் காப்பியமாக்கினார். குயவர், வேடர், மீனவர், வண்ணார், புலையர், அந்தணர், அரசர் என எல்லாத் தொழிலாரும் இதில் அடியாராக வருகின்றனர்.

தொகுத்த வரலாறு

தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் மூவர் கையடையாளத்தோடு ஏடுகள் இருந்தன என்றும், சோழ மன்னனும் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது கரையான் அரித்தவை போக எஞ்சியதே கிடைத்தது என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அந்த மன்னன் முதலாம் இராசராசன் (985–1014) என்பது பரவலான நம்பிக்கை.

இக்கதையை அப்படியே ஏற்பதில் சில தடைகள் உண்டு. மூன்றாம் நந்திவர்மனின் திருவல்லம் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கோயிலில் திருப்பதியம் பாடுவோர் இருந்ததைக் காட்டுகிறது. பாடல்கள் முற்றிலும் மறைந்து போயிருந்தால் அவர்கள் எதைப் பாடியிருக்க முடியும்? ஒன்பதாம் திருமுறையில் கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோளேச்சரத்தைப் பாடுகிறார். அது இராசராசனுக்குப் பின் வந்த அவன் மகன் இராசேந்திரன் கட்டிய கோயில். நம்பியின் நூல்களே பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. எனவே தொகுப்பு ஒரே மூச்சில் முடிந்ததல்ல, படிப்படியாக வளர்ந்தது. ஆயினும் கதை சொல்லும் இழப்பு உண்மையானது. மூவரும் பாடியவை முழுவதும் நமக்கு வந்து சேரவில்லை. திருவிடைவாய்ச் சம்பந்தர் பதிகம் ஏடுகளில் இல்லாமல் கல்வெட்டில்தான் கிடைத்தது.

இராசராசனின் பங்கைக் கல்வெட்டே சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரையும், உடுக்கைக்கும் கொட்டி மத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் அவன் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வழங்கினான். திருமுறைக்கு அரசு செய்த பணிகளில் இதையே முதலாவதாகச் சொல்ல வேண்டும். ஏட்டைக் காத்ததைவிடப் பாடுவோரின் வயிற்றைக் காத்தது பெரிது.

பண்ணும் தலமும்

தேவாரத்தின் பழைய வரிசை பண்முறை. ஏடுகள் கிடைத்தபின் இசை தெரியாமல் தவித்தபோது, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி பண் அமைத்துத் தந்தார் என்பது மரபு. இன்று கோயில்களில் திருமுறை பாடும் ஓதுவார்கள் நட்டபாடையைக் கம்பீரநாட்டையிலும், தக்கேசியைக் காம்போதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும் பாடுகின்றனர். 1943இல் தொடங்கிய சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சி மாநாடுகள் இப்பொருத்தங்களை ஆண்டுதோறும் ஆராய்ந்தன.

மற்றொரு வரிசை தலமுறை. பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது வழக்கமான கணக்கு. மிகப் பல காவிரியின் இரு கரையிலும் நெருங்கியிருக்க, வடக்கே கேதாரமும் மேற்கே கோகர்ணமும் அடங்குகின்றன. ஈழத்தில் மன்னார்த் திருக்கேதீச்சரமும் திருகோணமலையும் இரண்டு. திருகோணமலைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர். கோயில் வீழ்ந்தபோதும் சம்பந்தர் பதிகம் அழியாமல் நின்றது. தேவாரத்தைப் பிழையறப் பதிப்பித்தவர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தி. வே. கோபாலையர். அவர் பதிப்பின் முதல் தொகுதி 1984இல் வெளிவந்தது.

இன்றைய வழக்கு

கோயிலில் பூசை முடிவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் பாடுவதைப் பஞ்சபுராணம் ஓதுதல் என்பர். தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்வது மரபு. யாழ்ப்பாணத்தில் பெரியபுராணத்தைப் பொருள் சொல்லிப் படிக்கும் புராண படனம் வளர்ந்தது. அந்நூலை 1852இல் வசனமாக எழுதிப் பரப்பியவர் ஆறுமுக நாவலர்.

தில்லையில் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடும் உரிமை நீண்ட போராட்டத்துக்குப் பின், 2008இல் தமிழக அரசின் ஆணையால் கிடைத்தது. ஏடுகள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கோயிலிலேயே அதற்கு ஆணை தேவைப்பட்டது வருந்தத்தக்கது. தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் ஓதுவார்களைப் பயிற்றுவித்து வந்துள்ளன. அறநிலையத் துறையும் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழகக் கோயில்களில் பெண் ஓதுவார்களும் பணியில் அமர்த்தப்பட்டுள்ளனர்.