தகடில்லாத கவசம்

இணையக் கடையில் 'டாக்டிகல் வெஸ்ட்' என்று தேடி, ஆத்தூர் பின்கோடைப் போட்டாலும் பொருள் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். கறுப்பு, காக்கி, பச்சைத் திட்டுகள் என்று பல நிறம். முன்னால் மூன்று பை, தோளில் பட்டை, முதுகில் ஒரு கைப்பிடி, நெஞ்சில் பெயர் ஒட்ட வெல்க்ரோ. படத்தில் பார்க்கும்போது அசல் கமாண்டோ உடுப்புதான். கையில் வாங்கித் தூக்கினால் ஒரு கிலோ இருக்குமா என்பதே சந்தேகம். உள்ளே தகடு இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு அட்டை. ஏர்சாஃப்ட் எனப்படும் விளையாட்டுத் துப்பாக்கிச் சண்டைக்கும் பெயின்ட்பாலுக்கும் செய்யப்படும் நகல் இது. அசலில் உள்ள எல்லாம் இதில் உண்டு, காப்பாற்றும் பொருளைத் தவிர.

அப்படியானால் நாம் எதை வாங்குகிறோம்? இந்த உடுப்பு மூன்று வேலை செய்கிறது: அடியைத் தடுக்கிறது, பொருளைச் சுமக்கிறது, பார்ப்பவரை மிரட்டுகிறது. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு. நம் ஊருக்கும் அதில் பங்கு உண்டு.

1. மெய்ம்மறையும் மெய்ப்பையும்

தமிழில் கவசத்துக்கு இருந்த பழைய சொல் 'மெய்ம்மறை'. உடம்பை மறைப்பது. பதிற்றுப்பத்துப் புலவர்கள் சேர மன்னர்களையே வீரர்களின் மெய்ம்மறை என்று விளிக்கிறார்கள். அதாவது, படைக்கு முன்னால் நின்று அடியை வாங்கிக்கொள்பவன் மன்னன். கவசம் என்பது அன்றைக்கு ஒரு பொருள் மட்டுமல்ல, ஒரு பொறுப்பின் பெயர். அந்நூலின் எட்டாம் பத்து பாடும் பெருஞ்சேரல் இரும்பொறை, தகடூரை வென்றவன். தகடூர் இன்றைய தருமபுரி. அவன் பெயரோடு சேர்ந்து வரும் கொல்லிமலை ஆத்தூரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான்.

இன்னொரு சொல் 'மெய்ப்பை'. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், மன்னனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் மெய்ப்பை அணிந்திருக்கிறார்கள். அந்த உடுப்பில் அவர்கள் தோற்றமே அச்சம் தருவதாகப் புலவர் சொல்கிறார். அது எந்த அம்பைத் தடுத்தது என்று அவர் சொல்லவில்லை. பார்த்தவர் பயந்தார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். கவசத்தின் மூன்றாவது வேலை, மிரட்டுவது, நம் இலக்கியத்தில் பதிவான இடம் இது.

அதே பாட்டில் மன்னன் இரவில் தூங்காமல் இருக்கிறான். தோற்காப்பை அறுத்துக்கொண்டு அம்பு பாய்ந்ததால் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளை நினைத்துக்கொண்டிருக்கிறான். கவசம் போதவில்லை என்ற துயரமும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

2. பஞ்சு, பிறகு ஈயம்

கவசம் என்றதும் நமக்கு இரும்புதான் நினைவுக்கு வருகிறது. நம் வெயிலில் இரும்பைப் போட்டுக்கொண்டு யார் நாள் முழுக்க நிற்பது? பருத்தி விளைந்த நிலங்களில் பருத்தியே கவசமானது. பல அடுக்குத் துணிக்கு நடுவே பஞ்சைத் திணித்து நெருக்கித் தைத்தால், வாள் வெட்டின் வேகத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மெக்சிகோவில் அஸ்டெக் வீரர்களும் இதே மாதிரிப் பஞ்சு அங்கியைத்தான் அணிந்தார்கள். அதைப் பார்த்து, படையெடுத்து வந்த ஸ்பானியர்களே இரும்பைக் கழற்றிவிட்டு அதற்கு மாறினார்கள்.

மைசூர்ப் படையிலும் பஞ்சுக் கவசம் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போன பொருட்களில் திப்பு காலத்துப் பஞ்சு அங்கிகளும் தலைக்கவசங்களும் உண்டு. வசிஷ்ட நதிக்கரையில் நிற்கும் ஆத்தூர்க் கோட்டை, கெட்டி முதலிகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மைசூரின் கைக்கும் அது போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமஹாலும் கம்பெனிக்குக் கைமாறின.

கைப்பற்ற வந்த கம்பெனிச் சிப்பாயின் உடம்பில் கவசமே கிடையாது என்பதுதான் வேடிக்கை. சிவப்புக் கோட்டு, நெஞ்சில் குறுக்கே இரண்டு தோல் பட்டை, அவ்வளவுதான். ஒரு பட்டையில் தோட்டாப் பெட்டி, இன்னொன்றில் பயனெட். ஈயக் குண்டைப் பஞ்சு தடுக்காது. இரும்பைத் தடிமனாக்கினால் ஆள் நடக்க முடியாது. எனவே தடுக்கும் வேலையையே படைகள் பெரும்பாலும் கைவிட்டன. சுமக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. இன்றைய வெஸ்ட்டின் பைகளுக்குப் பாட்டன் அந்தத் தோட்டாப் பெட்டி.

3. பிரிந்தவர் கூடினால்

தடுப்பது திரும்பி வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை மருத்துவர் மால்கம் குரோ, குண்டுவீச்சு விமானங்களில் வீரர்களைக் காயப்படுத்துவதில் பெரும்பகுதி சிதறும் உலோகத் துண்டுகள் என்று கண்டார். வாள் செய்யும் வில்கின்சன் நிறுவனத்தோடு சேர்ந்து எஃகுத் தகடு தைத்த அங்கியை உருவாக்கினார். 1965இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த இழை பிறகு கெவ்லார் ஆனது. நூலை நெருக்கி அடுக்கி வேகத்தை உறிஞ்சும் பழைய பஞ்சு அங்கியின் யோசனைதான். இழை மட்டும் புதிது. ரைபிள் தோட்டாவுக்கு அதுவும் போதாமல், முன்னும் பின்னும் பீங்கான் தகடு சேர்ந்தது.

சுமக்கும் பக்கமும் வளர்ந்தது. ஏகே ரக மேகசின்களை நெஞ்சில் வரிசையாக வைக்கும் சீனத் துணிப்பையை வியட்நாம் போராளிகள் அணிந்தார்கள். கேன்வாஸ் துணி, பொத்தானுக்குப் பதில் சின்னக் கட்டை. இன்று 'செஸ்ட் ரிக்' என்று விற்பது அதன் வாரிசு. 1990களின் கடைசியில் அமெரிக்கப் படை கவசத்தையும் பைகளையும் ஒரே உடுப்பாக இணைத்தது. உடுப்பு முழுக்க ஓர் அங்குல அகல நாடாக்கள், ஓர் அங்குல இடைவெளியில், ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். எந்தப் பையையும் எங்கும் கோத்துக்கொள்ளலாம். நகல் வெஸ்ட்டில் நீங்கள் பார்க்கும் கோடுகள் அவைதான். முதுகுக் கைப்பிடி அழகுக்கு வைத்ததல்ல. குண்டடி பட்டவனை இழுத்துக்கொண்டு போவதற்கு.

4. நகல் எங்கிருந்து வந்தது

உண்மைத் துப்பாக்கியைப் பொதுமக்கள் எளிதில் வைத்திருக்க முடியாத நாட்டில்தான் பொம்மைத் துப்பாக்கி இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்தது. ஜப்பானின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது. அங்கே 1970, 80களில் பிளாஸ்டிக் குண்டு சுடும் நகல்கள் பிறந்தன. 1991இல் டோக்கியோ மாருய் மின்கலத்தில் ஓடும் மாதிரியைக் கொண்டுவந்தது. துப்பாக்கி நகலானதும் உடுப்பும் நகலானது.

கணக்கைப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். ஏர்சாஃப்ட் குண்டு 6 மில்லிமீட்டர், பெரும்பாலும் 0.2 கிராம். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 1 ஜூல். ஜப்பானியச் சட்டத்தின் உச்சவரம்பே 0.98 ஜூல்தான். ஏகே-47 தோட்டாவின் ஆற்றல் சுமார் 2000 ஜூல். நகல் வெஸ்ட் தடுப்பது ஒன்றை. அந்த ஒன்றைத் தடுக்க ஒரு தடித்த சட்டையே போதும். ஆனால் அதே 1 ஜூல் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அதனால் காசு குறைவு என்றால் வெஸ்ட்டைத் தள்ளிப்போடுங்கள், அடி தாங்கும் தரமான கண்ணாடியை முதலில் வாங்குங்கள். விளையாட்டில் உண்மையான மெய்ம்மறை அதுதான்.

வெஸ்ட் வாங்குவதாக இருந்தால் சுமப்பதற்காக வாங்குங்கள். எத்தனை மேகசின், தண்ணீர் எங்கே, என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். சித்திரை வெயிலில் பஞ்சு அட்டை அடைத்த முழு வெஸ்ட் போட்டு ஓடுவது தண்டனை. முதுகு திறந்த செஸ்ட் ரிக் அல்லது வலைத்துணி வெஸ்ட் நம் ஊருக்குச் சரி. நெஞ்சில் பை புடைத்திருந்தால் குப்புறப் படுக்கும்போது உடம்பு தரையிலிருந்து எழும்பி நிற்கும், அதையும் போட்டுப் பாருங்கள். துணியில் 600டி, 1000டி என்று போட்டிருப்பது டெனியர், 9000 மீட்டர் நூலின் எடை கிராமில். எண் பெரிதென்றால் நூல் தடிமன். பட்டு நெசவு தெரிந்த சேலத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் எண்ணைவிடத் தையல் முக்கியம். நாடாவை விரல் விட்டு இழுத்தால் தையல் விட்டுக்கொடுக்கக் கூடாது.

5. பார்க்கிறவர்களின் வரலாறு

"சும்மா கெத்தா இருக்கும்ணா" என்பதுதான் பலர் சொல்லும் காரணம். யவனரின் மெய்ப்பையிலிருந்து வரும் ஆசை அது, கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் நம் மண்ணில் இந்த உடுப்பைப் பார்ப்பவருக்கு வேறு நினைவுகள் உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பலரும் செத்தது, ஒரு பெண் உடைக்குள் கட்டியிருந்த வெடிகுண்டுப் பட்டையால். உடம்பைக் காக்க வந்த உடுப்பு, உடம்பையே ஆயுதமாக்கியது. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் காவல் அதிகாரி ஹேமந்த் கர்கரே ஹெல்மெட்டும் வெஸ்ட்டும் அணிவதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அன்றிரவே அவர் கொல்லப்பட்டார். பிறகு அந்த வெஸ்ட் காணாமல் போனது. போலீஸுக்குக் கொடுக்கும் கவசம் எவ்வளவு தரம் என்ற கேள்வி எழுந்தது. குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு இந்தியத் தர அமைப்பு ஐஎஸ் 17051 என்ற தரத்தை வெளியிட்டது 2018இல்தான். பத்து வருடம். கவசம் ஒரு பொறுப்பின் பெயர் என்று சேரனின் புலவர்கள் சொன்னது இங்கே உறைக்கிறது.

சட்டமும் இருக்கிறது. ராணுவ வீரர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு அதுபோன்ற உடை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று மாதம்வரை சிறை. 2022இல் அறிமுகமான ராணுவத்தின் புதிய திட்டு வடிவமைப்பு அறிவுசார் சொத்தாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. அதே மாதிரி அச்சிட்டு விற்கும் வெஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். ஒற்றை நிறத்தில், 'போலீஸ்', 'கமாண்டோ' ஒட்டு எதுவும் இல்லாமல் எடுங்கள். மைதானத்துக்குப் போகும்வரை பைக்குள் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பெரியவருக்கு உள்ளே பஞ்சு அட்டைதான் என்று தெரியாது.

ஆத்தூர்க் கோட்டையை இன்று தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதைப் பிடிக்கவும் காக்கவும் நின்றவர்களில் யார் பஞ்சு அணிந்திருந்தார்கள், யார் வெறும் சட்டையோடு நின்றார்கள் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. அவர்களுக்கு அந்த வேறுபாடு உயிர். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. தகடில்லாத உடுப்பைப் போட்டுக்கொண்டு, அடி பட்டால் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி வெளியேற முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை.