ருபீடியம் கடிகாரமும் செவ்வாத்தூர் பாறையும்

சிங்காரப்பேட்டை வட்டாரத்தின் சாமல்பட்டியிலும், திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரிலும் கார்பனடைட்டு எனும் அரிய தீப்பாறைகள் காணப்படுகின்றன. இத்தகைய பாறைகளின் வயதைக் கணிக்க ருபீடியம்-87 ஐசோடோப்பு பயன்படுகிறது. இது கதிரியக்கச் சிதைவால் இசுட்ரோன்சியம்-87 ஆக மாறுகிறது. இதில் சரிபாதி சிதைய ஆகும் அரைவாழ்வுக் காலம், புவியின் வயதான 454 கோடி ஆண்டுகளைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம்.

இவ்வளவு மெதுவான சிதைவை அளப்பது கடினம். வெளிப்படும் பீட்டாத் துகள்களில் பல ஆற்றல் குறைந்தவை. மாதிரிக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு எண்ணிக்கையில் விடுபட்டுவிடும். எனவே ஆய்வாளர்கள் தூய ருபீடியம் உப்பைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, அதில் புதிதாகத் தோன்றிய இசுட்ரோன்சியத்தை நிறைமாலைமானியால் அளந்தனர். யுரேனியம்–ஈய முறையில் வயது அறியப்பட்ட பாறைகளோடும் ஒப்பிட்டனர்.

1977-ல் பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் துணைக்குழு 4,880 கோடி ஆண்டுகள் என்ற மதிப்பைப் பரிந்துரைத்தது. ஐதராபாத்து தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அனில் குமார், கே. கோபாலன் ஆகியோர் 1991-ல் செவ்வாத்தூர் பாறைக்கு ருபீடியம் முறையில் சுமார் 77 கோடி ஆண்டு வயது கணித்தனர். 2015-ல் அரைவாழ்வு 4,961 கோடி ஆண்டுகளாகத் திருத்தப்பட்டது. பாறையில் எதுவும் மாறவில்லை. ஆயினும் புதிய மதிப்பின்படி அதே அளவீடு சுமார் 78 கோடி ஆண்டுகளைக் காட்டும். ஈய ஐசோடோப்பு முறையில் கிடைத்த சுமார் 80 கோடி ஆண்டு வயதை இது மேலும் நெருங்குகிறது.