ஆறப் பொறுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத நண்பகலில், அன்பர் ஒருவருடைய பழைய அம்பாசிடர் வண்டியில் ஹைதராபாத்தின் அமீர்பேட் நாற்சந்தியைக் கடக்க முற்பட்டோம். ஓடும் வண்டிகளினும் நிற்கும் வண்டிகளே அங்கு மிகுதி. திடீரென முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறிற்று. அன்பர் பதறி இறங்கி, ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை நீட்டினார். சாலையோர மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து அக்கையைப் பற்றிக்கொண்டு, “பொறுங்கள்” என்று உருதுவில் தடுத்தார்.

தடுத்திராவிடின் விபரீதம் விளைந்திருக்கும். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகை சென்டிகிரேடைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்தவுடன் பீறிட்டு, கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும்.

வண்டி ஆறும்வரை மர நிழலில் நின்ற நமக்கு, எஞ்சினைக் குளிர்வித்த வரலாறு நினைவுக்கு வந்தது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றினாலன்றி எஞ்சின் பிழைக்காது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியில், நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைச் சுமந்து சென்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, இரு புதல்வருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அத்தகைய வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியதாயிற்று.

இக்குறையைப் பெரிதும் போக்கியவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-இல் புகழ்பெற்ற மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. தேவையான நீர் பாதியாகக் குறைந்து 9 லிட்டராயிற்று. மெல்லச் செல்லும்போது காற்றுப் போதாதென உணர்ந்து, பின்னால் ஒரு விசிறியையும் பொருத்தினார்.

அமீர்பேட்டில் நம்மைக் கைவிட்டது அவ்விசிறியே. ஆங்கில மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழிவந்தது அம்பாசிடர். 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாடாவில் உருவான அவ்வண்டியில், விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் எஞ்சினே ஒரு பெல்ட்டினால் சுழற்றுகிறது. திறந்த சாலையில் எதிர்க்காற்று துணை நிற்கும். நெரிசலில் நின்றாலோ எஞ்சின் மெதுவாய்ச் சுழலும், விசிறியும் சோம்பும். பெல்ட்டும் தளர்ந்திருந்தால் காற்றும் நீரோட்டமும் ஒருங்கே குன்றும்.

முக்கால் மணி நேரம் கழித்து, மெக்கானிக் தடித்த துணியால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, நீரை மெல்ல ஊற்றினார்; கொதித்த இரும்பில் குளிர்நீரைச் சட்டென ஊற்றினால் வெடிப்பு காணும் என்றார். பின்னர் எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டை இறுக்கினார். உப்பு நீரால் உட்புறம் படிந்த காரையைக் கழுவி எடுக்கும்படி அறிவுறுத்தி அனுப்பினார்.

கோடை விடுமுறையில் பழைய வண்டியில் ஊருக்குப் புறப்படும் அன்பர்கள், பெல்ட்டையும் ரேடியேட்டரையும் முன்னதாகவே சோதித்துக்கொள்வது நலம். அதையும் மீறி வழியில் ஆவி எழுமாயின், ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கலாகாதா?’ என்ற நம் வீட்டுப் பெரியோர் மொழியை நினைத்து, மூடியின்மேல் கை வைக்காதிருப்பார்களாக.