மச்சான்களும் பங்காளிகளும்: கல்லூரி வளாகச் சகோதரத்துவம் குறித்துச் சில குறிப்புகள்

1

'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்னும் மூன்று சொற்களில் முதலிரண்டைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். மூன்றாவதை மேடைப் பேச்சின் முடிவில் சேர்த்துக்கொள்வதோடு சரி. ஆனால் அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் இந்த மூன்றாவது சொல்லைத்தான் அதிகம் அழுத்தினார். சகோதரத்துவம் இல்லாத இடத்தில் மற்ற இரண்டும் நிலைக்காது என்பதும், ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் தம்மை ஒரு தேசம் என்று நினைத்துக்கொள்வது மாயை என்பதும் அவரது வாதம். சட்டத்தால் சுதந்திரம் தரலாம், சமத்துவத்தை எழுதி வைக்கலாம். சகோதரத்துவத்தை எந்த அரசாணை கொண்டு வரும்?

வீடு, தெரு, கோயில் எல்லாம் சாதியால் அளந்து கட்டப்பட்ட ஒரு சமூகத்தில், வேறு சாதிக்காரன் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிற வாய்ப்பு ஒருவனுக்குப் பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயதில், கல்லூரி விடுதியில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது. ஆகவே வளாகத்தில் உருவாகும் குழுக்கள், 'செட்டு', 'கேங்' என்று பசங்க சொல்கிற உறவுகள் வெறும் வாலிபச் சேட்டைகள் அல்ல. சகோதரத்துவம் இந்த மண்ணில் சாத்தியமா என்று பார்க்கிற சோதனைச்சாலைகள் அவை. அவற்றின் மதிப்பு என்ன, அவற்றுக்கு ஏன் எப்போதும் கெட்ட பெயர் என்று கேட்பது வரலாற்றுக் கேள்விதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா காப்பா தொடங்கி, கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்கள் அங்கே பெருகின. தனி வீடு, ரகசியச் சடங்கு, புதியவனைப் படுத்தி எடுத்து உள்ளே சேர்க்கும் முறை, படிப்பு முடிந்த பிறகும் வேலைக்கும் பதவிக்கும் கைகொடுக்கும் மூத்தவர்கள் என்று அது ஒரு முழு அமைப்பு. வெள்ளையர் சங்கங்களின் கதவு மூடியிருந்தபோது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் கறுப்பு மாணவர்கள் 1906இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற தம்முடைய சங்கத்தைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பிறகு அதில் உறுப்பினரானார். இரண்டுக்கும் ஒரே பெயர், சடங்குகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் ஒன்று மதில், மற்றது அந்த மதிலுக்கு வெளியே நின்றவர்கள் போட்டுக்கொண்ட கூரை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவோம்.

2

திராவிட இயக்க வரலாற்றை எழுதுகிறவர்கள் நீதிக்கட்சியிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு ஒட்டி இன்னொரு தொடக்கம் உண்டு, அது ஒரு மாணவர் விடுதி. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமில்லை, சாப்பாட்டு விடுதிகளில் சமமான இடமில்லை என்பதைக் கண்ட டாக்டர் சி. நடேசனார் 1916இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' தொடங்கினார். ஒரு பெரும் அரசியல் அடையாளத்தின் பெயர் கொள்கை அறிக்கையில் இடம்பிடித்த அதே காலத்தில், சோறு போடும் ஒரு வீட்டின் வாசலிலும் எழுதப்பட்டது என்பதை நாம் போதுமான அளவு கவனித்ததில்லை. அதே 1916இல்தான் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். மேற்கே கோலாப்பூரில் சாகு மகராசர் 1901 முதலே சாதிவாரியாக மாணவர் விடுதிகளைத் திறந்துவிட்டிருந்தார்.

பள்ளிக்கூடம் அறிவைத் தரும். அந்த அறிவைப் பெற ஊர்விட்டு வந்தவன் எங்கே தூங்குவான், யாரோடு உண்பான் என்பதை விடுதிதான் தீர்மானித்தது. ஆதலால் சாதி தன் காவலைப் போட்டதும் அங்கேதான். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1920களில் காங்கிரசையே உலுக்கியது. கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமணருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு ஒரு பானை என்றிருந்த ஏற்பாட்டை எதிர்த்த மாணவர்களிடமிருந்துதான் 1943இல் திராவிடர் மாணவர் கழகம் பிறந்தது. பானை சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. 1965 இந்தி எதிர்ப்புப் போரை நடத்தியது கட்சி மட்டுமல்ல, விடுதி அறைகளில் உருவாகியிருந்த இந்தக் கூட்டுறவும்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் அந்த ஆண்டு சனவரி 27 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், காமராசரை விருதுநகரில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர்.

வளாகச் சகோதரத்துவத்தின் மதிப்பு என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஐம்பது ஆண்டுகள் ஒரு பதில்.

3

ஆனால் அந்தப் பதில் இன்று யாருக்கும் நினைவில்லை. 'மாணவர் கும்பல்' என்றாலே இன்று மனதில் வருபவை வேறு காட்சிகள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ முதலாமாண்டு மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டது, அதையொட்டி 1997இல் தமிழ்நாடு அரசு கொண்டு வந்த ராகிங் தடைச் சட்டம். 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க நடந்த வெட்டும் அடியும். 2019 ஜூனில் 'பஸ் டே' கொண்டாட்டத்தில், ஓடுகிற பேருந்தின் கூரையிலிருந்து பசங்க கொத்தாகச் சரிந்து விழுந்த படம்.

இவற்றை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. ராகிங் என்பது அதிகாரத்தை உடம்பின் மேல் எழுதிப் பழகுகிற பயிற்சி. அதைத் தோழமை என்று அழைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் கேட்பது வேறு. மேற்சொன்ன மூன்றும் ஒரே விஷயமா? நாவரசு கொலை ஒரு பணக்கார மருத்துவக் கல்லூரி விடுதியில் நடந்தது. சட்டக் கல்லூரி மோதலின் பின்னணியில், கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சடித்த சுவரொட்டி இருந்தது. 'ரூட்டு தல' என்று பத்திரிகைகள் எழுதும் பேருந்துத் தடக் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வடசென்னையிலிருந்தும் புறநகர்க் கிராமங்களிலிருந்தும் அரசுப் பேருந்தில் வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகள். விடுதி இல்லாதவனுக்குப் பேருந்தே விடுதி. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை போட்டு நன்றி சொல்கிற நாளாகத்தான் பஸ் டே இருந்தது. ஆனால் செய்திச் சொல்லாடலில் இவை மூன்றும் 'மாணவர் ரவுடித்தனம்' என்ற ஒரே தலைப்புக்குள் போய்விடுகின்றன.

இதே நேரத்தில் பேர்பெற்ற கல்லூரிகளின் 'முன்னாள் மாணவர் சங்கம்' என்ன செய்கிறது? கிளப்பில் கூடுகிறது, ஒருவருக்கொருவர் ஒப்பந்தமும் வேலையும் வாங்கிக் கொடுக்கிறது. அதைக் கும்பல் என்று யாரும் சொல்வதில்லை, பாரம்பரியம் என்கிறார்கள். ஒரு குழுவுக்குக் கிடைக்கும் பெயர் அது செய்வதைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. யாருடைய குழு என்பதையும் பொறுத்தது அது.

4

இனி என் ஊருக்கு வருகிறேன். தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மானாவாரி நிலம், கேழ்வரகுக் களி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு மூட்டை கட்டும் குடும்பங்கள். எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன் (பெயர் வேண்டாம்). நான் காலனிக்காரன். அறையில் எட்டுப் பேர், எட்டுத் தகரப் பெட்டிகள், ஒரே ஒரு நல்ல சட்டை. யாருக்கு இண்டர்வியூ வந்தாலும் அந்தச் சட்டைதான் போகும். பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் இல்லாதவனுக்கு மற்ற ஏழு பேரும் பொறுப்பு. எங்களில் நான்கைந்து சாதி இருந்தது. எல்லோரும் எல்லோரையும் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டோம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்க மாணவன் தன் சங்கத்தானைச் 'சகோதரன்' என்கிறான். நம் பசங்க அப்படிச் சொல்வது குறைவு. தமிழ் உறவுமுறையில் உடன்பிறந்தான் வழி வருபவன் பங்காளி. சொத்தில் பங்கு கேட்பவன், சாவுக்குத் தீட்டுக் காப்பவன். மச்சான் என்பவன் வேறு. அவன் பெண் கொடுக்க, எடுக்க உரியவன். திராவிட உறவுமுறையின் அடிப்படையே இந்தப் பங்காளி, மாமன் மச்சான் பிரிவினைதான் என்பதை லூயி துய்மோன், தாமஸ் டிரவுட்மன் போன்ற மானிடவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஊரிலே இந்தச் சொல்லுக்குக் கறாரான எல்லை உண்டு. காலனி ஆள் ஊர்த்தெருக்காரரைச் 'சாமி' என்பான், 'கவுண்டரே' என்பான், மச்சான் என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியாது. அதே ஆளின் மகன் கல்லூரிக்குப் போய் அந்தக் கவுண்டரின் மகனை 'டேய் மச்சான்' என்கிறான். அவனும் 'சொல்றா மச்சான்' என்கிறான். சாதி எதைக் காப்பாற்றிக்கொண்டு உயிர் வாழ்கிறதோ, அந்த மண உறவை, பசங்க விளையாட்டாக நாக்கில் வைத்துப் புரட்டுகிறார்கள். தமிழ்நாட்டு வளாகங்களின் மிகப் பெரிய கலகம் இந்தச் சொல்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கலகம் விடுதி வாசலோடு நின்றது. அறைத் தோழன் ஒருவன் மாரியம்மன் பண்டிகைக்கு என்னைத் தன் ஊருக்குக் கூப்பிட்டான். பஸ் ஏறுகிற நேரத்தில் தோளில் கை போட்டுக்கொண்டே சொன்னான்: "மச்சான், எங்க ஊர்ல யாராவது கேட்டா ஊரு பேரை மட்டும் சொல்லு, தெருவைச் சொல்லிறாத." அவன் கெட்டவன் இல்லை. என் பரீட்சைக் கட்டணத்தில் அவன் பணமும் இருந்தது. எங்கள் சகோதரத்துவம் எதுவரை போகும் என்பதை அவன் என்னைவிடத் தெளிவாக அறிந்திருந்தான், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மச்சான் என்ற சொல்லுக்குள் ஒரு தங்கை மறைந்திருக்கிறாள். அவள் பெயரால்தான் அந்த உறவே. ஆனால் அந்த அறையில் அவள் கிடையாது, அவளுக்குப் பேச்சு கிடையாது. ஆண்கள் இருவர் அவளை முன்னிட்டு உறவு கொண்டாடுகிறார்கள். அவள் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்?

5

என்ன ஆகும் என்று 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி பார்த்தது. ஒரு வன்னியர் பெண்ணும் நத்தம் காலனியைச் சேர்ந்த இளவரசன் என்ற தலித் இளைஞரும் மணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதையடுத்து, நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. எரிந்தவற்றில் பிள்ளைகளின் சான்றிதழ்களும் புத்தகங்களும் உண்டு. அடுத்த ஆண்டு சூலை 4 அன்று இளவரசனின் உடல் தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் உள்ள தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது.

நாயக்கன்கொட்டாய் சாதாரண ஊர் அல்ல. எழுபதுகளின் இறுதியில் நக்சல்பாரி இயக்கம் வேர்விட்ட பகுதி அது. இரட்டைக் குவளைக்கு எதிராக வன்னியரும் தலித்தும் சேர்ந்து நின்ற வரலாறு அங்கே உண்டு. 1980இல் கொல்லப்பட்ட பாலனுக்கும், அப்புவுக்கும் அங்கே சிலை உண்டு. அந்தத் தலைமுறை ஒருவரையொருவர் அழைத்த சொல் 'தோழர்'. உறவுமுறையையே தாண்டிய சொல் அது. அந்த மண்ணில்தான் தீ வைக்கப்பட்டது.

தீயைப் போலவே அதையொட்டி எழுந்த பேச்சும் நமக்கு முக்கியம். ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ச. இராமதாசு பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் பரவியது. இந்தச் சித்திரம் யாருடையது? காலனியிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிற மாணவனுடையது. அவன் உடுத்துவதும் நடப்பதும், பஸ்ஸில் பக்கத்து ஊர்ப் பெண்ணோடு பேசுவதும் குற்றத்தின் தடயங்களாக ஆக்கப்பட்டன. வளாகத்தில் உருவான சமத்துவ உடல்மொழியைத்தான் அந்தப் பேச்சு குறிவைத்தது.

வன்னியரும் பின்தங்க வைக்கப்பட்டவர்கள்தான். 1987இல் இடஒதுக்கீட்டுக்காகச் சாலையில் நின்று துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தவர்கள். அவர்களது ஒன்றுகூடலும் ஒரு கூரையாகத்தான் தொடங்கியது. தன்னைவிடக் கீழே வைக்கப்பட்டவன் வந்து கதவைத் தட்டும்போது கூரை மதிலாகிறதா என்பதுதான் எல்லாச் சகோதரத்துவங்களுக்கும் வைக்கப்படும் சோதனை. அமெரிக்காவுக்கும் அதே சோதனைதான், திருவல்லிக்கேணிக்கும் அதேதான்.

6

அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார்: சமபந்தி மட்டும் போதாது, கலப்பு மணமே சாதியைக் கரைக்கும். நம் விடுதிகள் சமபந்தியைச் சாதித்தன. அது சின்னச் சாதனை இல்லை, அதற்கே ஐம்பது ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. அடுத்த படியில் கால் வைக்க மறுத்தன. மறுத்த காலத்தில் அந்த இடத்தைச் சாதி நிரப்பிக்கொண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறு என்பதும் ஒருவகைச் சங்கச் சின்னம்தானே. மச்சான்கள் இருந்த இடத்தில் பங்காளிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

2025 சூலையில் தமிழ்நாடு அரசு தன் நலத்துறை மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயரிட்டது. வாசல் பலகையில் சாதியைச் சுமந்துகொண்டு படிக்கப்போன தலைமுறைக்கு இதன் அருமை தெரியும், நான் வரவேற்கிறேன். ஆனால் பலகை மாறினால் பந்தி மாறுமா? ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு விடுதி என்று பிரித்தே வைத்திருக்கிறோம். ஒரே கூரைக்குக் கீழ் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தூங்காத வரை 'மச்சான்' என்று கூப்பிடக்கூட எதிரில் ஆள் இருக்க மாட்டான்.

மாணவர் அமைப்புகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வளாகக் குழுக்களை ஒழுக்கத்தின் பெயரால் கலைக்கச் சொல்லும் குரலோடு சேராதீர்கள். அதே சமயம் தோழமை என்ற பெயரில் அவற்றைக் கொண்டாடிவிட்டும் வராதீர்கள். உங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா, பேசுகிறார்களா என்று பாருங்கள். விடுமுறைக்கு ஒருவர் ஊருக்கு மற்றவர் போகிறாரா, போனால் தெருப் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். உங்களில் இருவர் சாதி மறுத்து மணம் செய்துகொண்டால் அவர்களுக்கு இடமும் காவலும் கொடுக்க உங்கள் அறைக் கதவு திறக்குமா என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். தருமபுரியில் அப்படி ஒரு கதவு தேவைப்பட்டது.