பந்துக்கு முன்னால் மண்

‘எங்க புள்ளையும் சேந்து ஆடலாமா? சேத்துக்குவாங்களா?’ உத்திரமேரூர் வட்டாரத்துச் சேரிகளில் கால்பந்துக் கழகம் பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோர் கேட்பது இதுதான். நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கேள்விகள் வேறு. கட்டணம் எவ்வளவு, பயிற்சி எத்தனை மணிக்கு, ஷூ எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். நம்ம ஆட்கள் முதலில் அனுமதி கேட்கிறார்கள். இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சிலர் சொல்லக்கூடும். இது அனுபவ அறிவு. இந்த அறிவுக்கு ஒரு வரலாறு உண்டு.

உத்திரமேரூர் என்றதும் பாடப்புத்தகம் குடவோலையைச் சொல்லும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ‘உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த ஊர்’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் விழலாம்? கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். வேதம் கூடுதலாகக் கற்றவனுக்கு நில அளவில் சலுகையும் உண்டு. ஆக அது பிராமணச் சபையின் ஜனநாயகம். பக்கத்தில் திருப்புலிவனம் வியாக்ரபுரீசுவரர் கோயில் சுவர்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடுத்தவன் பெயரைக் கல் பேசும். அந்தக் கழனியில் சேறு மிதித்தவனின் பிள்ளை பொழுது சாய்ந்தால் எங்கே ஓடி ஆடியது என்பதைக் கல் பேசாது.

விளையாட்டு வரலாறு என்பது ஆடியவர்களின் வரலாறு மட்டுமில்லை. ஆடுகளம் யாருடையது என்பதன் வரலாறும்கூட. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு நிலமில்லை என்பதை அரசாங்கமே அன்று தன் ஏட்டில் ஏற்றியது. அதன் தொடர்ச்சியாகத்தான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்களைத் துப்பாக்கிச் சூட்டில் கொடுத்தோம். குடியிருக்கவும் பயிர் வைக்கவும் மண் கிடைக்காதவனுக்கு ஆடுகளம் மட்டும் எங்கிருந்து வரும்? ஏரி வற்றினால் நம் பிள்ளைகளுக்கு மைதானம், ஏரி நிரம்பினால் தெரு. அவ்வளவுதான்.

1924இல் இரண்டு செய்திகள். ஒன்று நம்முடையது. இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோரின் முயற்சியால், பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுஇடம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறி அரசாணையானது.

மற்றொன்று பிரேசிலில் நடந்தது. ரியோ நகரத்து வாஸ்கோ ட காமா கழகம் கறுப்பரையும் கலப்பினத்தவரையும் ஏழை வெள்ளைத் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டு 1923இல் நகரப் பட்டத்தை வென்றது. பணக்காரக் கழகங்களுக்குப் பொறுக்கவில்லை. தனியாக ஒரு சங்கம் வைத்தார்கள். பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வா என்றார்கள். சொந்த மைதானம் இல்லை என்பதையும் ஒரு குறையாகச் சொன்னார்கள். 1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர் கடிதம் எழுதினார்: ஆட்களை நீக்க மாட்டோம், உங்கள் சங்கமே வேண்டாம். அதோடு நிற்கவில்லை. ஆதரவாளர்கள் காசு திரட்டி சாவோ ஜனுவாரியோ மைதானத்தைக் கட்டி 1927இல் திறந்தார்கள். ‘உனக்கு மைதானம் இல்லை’ என்றவனுக்கு மைதானத்தையே பதிலாகக் கட்டிக் காட்டினார்கள்.

அனுமதி மட்டும் கிடைத்தால் போதுமா? போதாது என்பதற்கு பல்வங்கர் பாலு சாட்சி. சமார் சாதியில் பிறந்த இவர் புனேயில் ஆடுகளத்தைக் கூட்டி உருட்டும் வேலையில் தொடங்கியவர். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் வீழ்த்தியவர். இந்து அணிக்கு அவர் பந்து வேண்டும், விக்கெட் வேண்டும். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கி எறியும் மண் கோப்பையில். கடைசிவரை தலைமைப் பதவி கொடுக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது. நம் கையையும் காலையும் வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தும் வித்தை பழையது. பிள்ளையைக் கழகத்தில் சேர்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நமக்கு நெருக்கமான முன்மாதிரியும் உண்டு. வடசென்னை வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்கிறார்கள். பத்திரிகைகளுக்கு அது ரவுடிகளின் பேட்டை. அங்கே முல்லை நகர் மைதானத்தில், குடிசைப் பிள்ளைகளுக்கென்று உள்ளூர் ஆட்டக்காரர்களே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆட்டத்தோடு மாலைப் படிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த தனபால் கணேஷ், 2018இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற சென்னையின் எஃப்சி அணியில் இருந்தார். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்கள் கடலூரைப் பார்க்கட்டும். அங்கே பயிற்சி பெற்ற இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018லும் 2023லும் தேசியப் பட்டம் வென்றார்கள்.

திருப்புலிவனம் மாதிரி ஊரில் எங்கிருந்து தொடங்குவது? பந்திலிருந்து தொடங்கலாம். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் எண், பன்னிரண்டு வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண். பெரிய பந்தைக் கொடுத்துச் சின்னப் பிள்ளையின் காலை வலிக்க வைக்க வேண்டாம். ஷூ இல்லை என்று ஆரம்பத்தில் யாரும் நிற்க வேண்டாம். 1911இல் கிழக்கு யார்க்சயர் படை அணியைத் தோற்கடித்த மோகன் பகான் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பலருடைய சான்றிதழில் பிள்ளையின் பெயரே ஏறியிருக்காது. வயதுப் பிரிவுப் போட்டிக்குப் போகும் அன்று அது தெரிந்து பிள்ளை அழும். இப்போதே ஏற்றிவிடுங்கள்.

பிறகு கழகம். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரில் சேரியிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கழகத்தின் பெயரில் சாதி வாடை இருக்கக் கூடாது. தண்ணிக்குடம் ஒன்றுதான், டம்ளரும் ஒன்றுதான். கோல் போஸ்ட் நடுவதும் குப்பை பொறுக்குவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து வர வேண்டும். கேப்டன் பதவியும் அப்படித்தான். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாத கழகத்தில் நம் பிள்ளை கோல் போட்டாலும் பாலுவின் மண் கோப்பைதான் மிஞ்சும்.

கடைசியாக மண். மே முதல் தேதி, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூடுகிறது. ஊர்ப் புறம்போக்கில், சேரிக்கும் ஊருக்கும் பொதுவாக, பிள்ளைகள் பயமில்லாமல் நடந்துபோகக்கூடிய இடத்தில் மைதானம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு போங்கள். ‘பாக்கலாம்’ என்பார்கள். விடாதீர்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், சர்வே எண்ணோடு. குடவோலைக் கல்வெட்டு இருக்கும் மண்ணில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வரி எழுதப்படட்டும்.